துருவைத் தேய்த்தால் வரலாறே போச்சு! ஜப்பானியக் குறுவாள்களின் வயதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

பழைய வாள் ஒன்று கையில் கிடைத்தால் முதலில் என்ன செய்யத் தோன்றும்? துருவைத் தேய்த்துப் பளபளப்பாக்கத்தானே! ஆனா ஜப்பானியக் குறுவாளின் கைப்பிடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் துருவைத் தேய்த்தால், அதன் வயதைச் சொல்லும் முக்கியமான சாட்சியே அழிந்துவிடும். ஏன் அப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

சாமுராய்களுக்கு முன்பே...

குறுவாள் என்றதும் சாமுராய்தான் நினைவுக்கு வருவார். ஆனால் 8-ம் நூற்றாண்டிலேயே ஜப்பான் அரசு அதிகாரிகள் 'தோசு' என்ற சின்னக் கத்தியை இடுப்பில் தொங்கவிட்டிருந்தார்கள். சண்டை போட இல்லீங்க! அப்போது அலுவலகக் குறிப்புகளை மெல்லிய மரப்பலகைத் துண்டுகளில் எழுதினார்கள். தப்பாக எழுதியதைச் சுரண்டி எடுக்க இந்தக் கத்திதான் உதவியது.

756-ல் பேரரசர் ஷோமு இறந்ததும், அவருடைய பொருட்களை நாரா நகரின் தோதாய்ஜி கோயிலுக்குப் பேரரசி கோம்யோ காணிக்கையாகக் கொடுத்தார். கூடவே தேதியிட்ட பட்டியலும் எழுதி வைக்கப்பட்டது. அந்தப் பட்டியலோடு பொருந்தும் பொருள் எதுவும் 756-க்குப் பிறகு செய்யப்பட்டிருக்க முடியாது. 'ஷோசோயின்' என்ற அந்தக் கருவூலத்தில் தோசு கத்திகள் இன்றும் பத்திரமாக இருக்கின்றன.

காசு சொன்ன கணக்கு

வடகிழக்கு ஜப்பானின் பழைய கல்லறைகளில் வேறொரு வகைக் குட்டை வாள் கிடைக்கிறது. பெயர் 'வாராபிதே'. பெரணிச் செடியின் சுருண்ட தளிர் போல அதன் கைப்பிடி முனை இருப்பதால் இந்தப் பெயர். சில கல்லறைகளில் இந்த வாளோடு 'வாடோ கைச்சின்' காசும் கிடைத்திருக்கிறது. அந்தக் காசை 708-ல்தான் அச்சடிக்கத் தொடங்கினார்கள். அப்போ அந்தக் கல்லறை 708-க்கு முந்தையது இல்லை என்பது உறுதி.

கைப்பிடிக்குள் கையெழுத்து

ஒரு 'ஷாகு', அதாவது சுமார் 30 செ.மீ.க்குள் அலகு இருந்தால் அது 'டான்டோ'. இந்த வகைக் குறுவாள்கள் காமகுரா காலத்தில் (1185-1333) கலைநயத்தோடு உருவாகின. கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் இரும்பு வாலில் கொல்லர்கள் தங்கள் பெயரை வெட்டினார்கள். சிலர் ஆண்டையும் சேர்த்தார்கள். சகாமி பகுதிக் கொல்லர் ஷிண்டோகோ குனிமிட்சுவின் டான்டோ ஒன்றில் 1293-ஐக் குறிக்கும் ஆண்டு இருக்கிறது.

கையெழுத்தே போலியாக இருந்தால்?

புகழ்பெற்ற கொல்லர்களின் பெயரைப் போலியாக வெட்டி விற்பது பழைய மோசடி. இங்கேதான் துரு சாட்சி சொல்ல வருகிறது. பல நூறு ஆண்டுகளில் மெல்லப் படிந்த துரு கருமையாக, வழவழப்பாக இருக்கும். புதுத் துரு செந்நிறமாகத் தெரியும். பழைய துருவைக் கிழித்துக்கொண்டு எழுத்து போயிருந்தால், பெயர் பின்னால் வெட்டப்பட்டது என்று சந்தேகிக்கலாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நீள வாளைக் குட்டையாக்கும்போது வால் பக்கத்தில்தான் வெட்டுவார்கள். கையெழுத்தும் அதோடு போய்விடும். அப்போது வடிவம்தான் கைகொடுக்கும். காமகுரா கால டான்டோ பெரும்பாலும் 25 செ.மீ. அளவில், கிட்டத்தட்ட நேராக இருக்கும். 14-ம் நூற்றாண்டின் நடுவில் வந்தவை நீளமாக, அகலமாக, லேசாக வளைந்திருக்கும்.

கார்பன் டேட்டிங் செய்யலாமே?

செய்யலாம். எஃகில் கரி அடுப்பிலிருந்து ஏறிய கார்பன் இருக்கிறது. ஆனால் அதற்கு வாளிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுக்கணும். பழைய இரும்பை உருக்கிச் சேர்த்திருந்தால் வயதும் கூடுதலாகக் காட்டும்.

அதனால்தான் ஜப்பானில் வாள் தீட்டும் கலைஞர்கள் அலகை மட்டும் மெருகேற்றுவார்கள். வால் பகுதித் துருவில் கை வைக்க மாட்டார்கள். வீட்டிலோ பழம்பொருள் கடையிலோ இப்படி ஒரு வாளைப் பார்த்தால், உப்புத்தாளை எடுப்பதற்கு முன் அதை விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். ஒருமுறை தேய்த்த துருவைத் திரும்பக் கொண்டுவர யாராலும் முடியாது.