காலணிக்குள் குச்சிக் கட்டு: யான் ஸ்டீனின் புனித நிக்கலஸ் விழா

ஆம்ஸ்டர்டாமில் உள்ள ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் ‘புனித நிக்கலஸ் விழா’ என்ற ஓவியம் இருக்கிறது. யான் ஸ்டீன் (1626–1679) என்ற டச்சு ஓவியர் 1665க்கும் 1668க்கும் இடையில் வரைந்தது. ஒரு மீட்டர் உயரம்கூட இல்லாத இந்தத் துணி ஓவியத்துக்குள் பத்துப் பேர் கொண்ட ஒரு குடும்பமே அடங்கியிருக்கிறது.

நிக்கலஸ் நான்காம் நூற்றாண்டில் இன்றைய துருக்கியிலுள்ள மிரா நகரின் ஆயராக இருந்தவர், குழந்தைகளின் பாதுகாவலர். அவருடைய திருநாள் டிசம்பர் 6. அதற்கு முந்தைய இரவு டச்சுக் குழந்தைகள் காலணியை எடுத்துவைத்துவிட்டுத் தூங்கப்போவார்கள். சமர்த்துப் பிள்ளைக்குப் பண்டமும் பொம்மையும் கிடைக்கும்; குறும்புக்காரனுக்கு அடிப்பதற்கான குச்சிக் கட்டுதான் மிஞ்சும்.

அந்தப் பரிசுகள் வெளிப்படும் நேரத்தையே ஸ்டீன் வரைந்திருக்கிறார். நடுவில் ஒரு சிறுமி, கை வாளி நிறைய இனிப்புகளோடு பொம்மையை அணைத்து நிற்கிறாள். தாய் கைநீட்டி அழைத்தும் அவள் நகர்வதாக இல்லை. இடப்பக்கம் ஒரு பையன் அழுகிறான். அவனுக்குப் பின்னால் நிற்கும் பெண் தூக்கிக் காட்டும் காலணியில் குச்சிக் கட்டுதான் இருக்கிறது. இன்னொரு சிறுவன் அதைச் சுட்டிக்காட்டிச் சிரித்தபடி, ஓவியத்தைப் பார்ப்பவரையும் அந்தக் கேலியில் சேர்த்துக்கொள்கிறான். ஆனால் பின்புறத்தில் பாட்டி திரைச்சீலையை விலக்கி விரலால் சாடை காட்டி அழைக்கிறாள். அழும் பேரனுக்கும் அங்கே ஏதோ ஒளித்துவைத்திருக்கிறாள் போலும்.

வலப்பக்கம் மூத்த பையன் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு, புனிதர் வந்துபோன புகைபோக்கியைக் காட்டுகிறான். அருகில் சாய்த்துவைத்திருக்கும் பெரிய சாய்சதுர ரொட்டி, டைவெகாட்டர் எனப்படும் பண்டிகை ரொட்டி. இடப்பக்கக் கூடையில் வாஃபிள்களும் இஞ்சி ரொட்டியும் குவிந்திருக்கின்றன.

வேடிக்கையான இந்தக் காட்சிக்கு அடியில் ஒரு சமயப் பிணக்கும் உண்டு. அன்றைய டச்சுக் குடியரசில் செல்வாக்குப் பெற்றிருந்த புரட்டஸ்தாந்து சபை, புனிதர் வணக்கத்தை ஏற்கவில்லை. புனிதர் உருவில் பண்டம் செய்து விற்பதற்குச் சில நகரங்கள் தடை விதித்தன. ஸ்டீன் கத்தோலிக்கர். சிறுமியின் பொம்மை திருமுழுக்கு யோவானின் உருவம். கைக்குழந்தை பிடித்திருப்பது புனித நிக்கலஸ் வடிவ இஞ்சி ரொட்டி. சபை ஒதுக்கிய புனிதர்கள் அடுப்படி வழியாகவும் பிள்ளைகளின் கைவழியாகவும் வீட்டுக்குள் தங்கிவிட்டதை இந்த இரண்டும் காட்டுகின்றன.

கண்டிப்பும் தடையும் இந்த வழக்கத்தை ஒழித்துவிடவில்லை. டச்சு மக்கள் இன்றும் டிசம்பர் 5 மாலையில் ‘சின்டர்கிளாஸ்’ கொண்டாடுகிறார்கள். அமெரிக்காவில் அந்தப் பெயர்தான் சான்டா கிளாஸ் ஆனது.