சுருட்டும் பழைய ரம்மும்

உசிலம்பட்டியிலிருந்து வத்தலக்குண்டு, செம்பட்டி வழியாகத் திண்டுக்கல்லுக்குப் பேருந்தில் செல்கிறவர்களுள், விக்டோரியா மகாராணி காலத்து லண்டன் கனவான்கள் இரவு உணவுக்குப்பின் சாய்வு நாற்காலியில் அமர்ந்து புகைத்த சுருட்டு ஒன்றின் பிறந்த ஊருக்குத் தாம் போய்க்கொண்டிருப்பதாக நினைப்பவர் அநேகமாக எவரும் இருக்கமாட்டார்கள். ஸ்டிராண்ட் வீதியில் கடை வைத்திருந்த பியூலி என்னும் புகையிலை வியாபாரிகள், ‘புளோர் டி திண்டுக்கல்’ என்று ஸ்பானியச் சொல்லோடு நம் ஊரின் பெயரைச் சேர்த்துச் சூட்டி, அந்தச் சுருட்டை ஆங்கிலப் பத்திரிகைகளில் விளம்பரம் செய்து விற்றார்கள். இனி, உசிலம்பட்டியிலிருந்து கிழக்குப் பக்கம் போனாலோ, கரும்புக்குப் பேர்போன அலங்காநல்லூரும் அங்குள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் வந்துவிடுகின்றன. உயர்ந்த சுருட்டையும், மரப் பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் கிடந்து பக்குவமடைந்த ரம்மையும் ஒன்றுக்கொன்று துணையாக வைத்துச் சுவைக்கும் கலையை ஹவானா நகரத்துக்கும் மேனாட்டு மனமகிழ் மன்றங்களுக்கும் மட்டுமே உரிய ஆடம்பரமென்று நம்மவர் கருதுகிறார்கள். அதன் மூலப்பொருள்கள் இரண்டும் அரைநாள் பிரயாணத்துக்குள் நம்மைச் சுற்றி விளைபவை என்பதையும், அவற்றைச் சேர்த்துப் படைக்கும் வழக்கம் நம் கிராம தேவதைகளின் சந்நிதியில் தலைமுறை தலைமுறையாக இருந்து வருவதென்பதையும் அவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை.

இவ்விரு பயிர்களும் பூமியைச் சுற்றி வந்த விதம் ஆச்சரியமானது. கரும்பு கிழக்கே பிறந்தது. அதன் சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரையாகத் திரட்டும் வித்தையை உலகுக்குக் கற்பித்தது பாரத தேசம். அதியமானின் முன்னோர் கரும்பைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்தார்கள் என்று சங்கப் பாட்டே பேசுகிறது. அந்தக் கரும்பு அரேபியர் வழியாக மேற்கே நகர்ந்து, 1493-ஆம் ஆண்டில் கொலம்பஸின் இரண்டாம் கடற்பயணத்தோடு கரிபியன் தீவுகளில் இறங்கியது. புகையிலையோ அதே தீவுகளிலும் அமெரிக்கக் கண்டத்திலும் விளைந்து, போர்ச்சுகீசியரின் கப்பலேறி நம்மிடம் வந்தது. நாம் கொடுத்தது அங்கே ரம்மாயிற்று. அவர்கள் கொடுத்தது இங்கே சுருட்டாயிற்று.

சுருட்டுக்குத் தமிழ்நாட்டில் கிடைத்த பெருமை திருச்சிராப்பள்ளியின் பெயரால் கிடைத்தது. இலை பெரும்பாலும் திண்டுக்கல் பக்கத்திலிருந்து வர, உறையூரில் கைதேர்ந்த தொழிலாளிகள் அதைச் சுற்றினார்கள். 1887-இல் கானன் டாயில் எழுதிய முதல் ஷெர்லக் ஹோம்ஸ் கதையிலே, கொலை நடந்த அறையில் சிந்திக் கிடந்த சாம்பலை மட்டும் கண்டு, குற்றவாளி புகைத்தது திருச்சிச் சுருட்டுத்தான் என்று துப்பறிவாளர் நிச்சயிக்கிறார் என்றால், அந்தச் சரக்கு சீமையில் எவ்வளவு பிரசித்தி பெற்றிருந்திருக்க வேண்டும்! சென்னை ஸ்பென்சர் நிறுவனத்தார் திண்டுக்கல்லிலேயே சுருட்டுத் தொழிற்சாலை அமைத்து நடத்தினார்கள்.

நல்ல சுருட்டின் ரகசியம் சுற்றுவதில் பாதி. மற்றப் பாதி இலையைப் பதப்படுத்துவதில் இருக்கிறது. அறுத்து உலர்த்திய இலையைப் போராக அடுக்கிவைத்தால், வெளியிலிருந்து நெருப்போ வெந்நீரோ இல்லாமலேயே போரின் உள்ளே வெப்பம் ஏறுகிறது; இலைக்குள் மிஞ்சியிருக்கும் பசுமையின் காரமும் கசப்பும் உடைந்து, அம்மோனியா வாயு மூக்கைத் துளைத்துக்கொண்டு வெளியேறுகிறது. வெப்பம் வரம்பு மீறினால் இலை கருகிவிடும் என்பதால், போரைப் பிரித்து, உள்ளே இருந்ததை வெளியிலும் வெளியே இருந்ததை உள்ளிலுமாக மாற்றி மாற்றி அடுக்குகிறார்கள். இப்படிப் பல மாதங்கள் புளித்து, அதன்பின் உயர்ந்த ரகங்களுக்கு ஆண்டுக்கணக்கான ஓய்வும் கொடுத்த பிறகே, பழுப்பேறிய அந்த இலையில் காய்ந்த பழம், தோல், மண், கொக்கோ ஆகியவற்றை நினைவூட்டும் பரிமளம் தோன்றுகிறது. உள்ளீடாக நீள இலைகளை மடித்து, கட்டிலையால் பிணித்து, எல்லாவற்றுக்கும் மேலே நரம்பு தெரியாத மெல்லிய மேலிலையைப் போர்த்தி முடிக்கும்போது, கையின் அழுத்தம் சிறிது கூடினாலும் புகை இழுபடாது. குறைந்தாலும் ஒருபக்கமாக எரிந்து வீணாகும். கியூபாவின் தொழிற்சாலைகளில் 1860-களிலிருந்து, தொழிலாளிகள் சுற்றிக்கொண்டிருக்கையில் ஒருவர் உயரத்தில் அமர்ந்து செய்தித்தாளும் நாவலும் உரக்க வாசிப்பது வழக்கம். மாண்டிகிறிஸ்டோ என்ற புகழ்பெற்ற சுருட்டு, அங்ஙனம் வாசிக்கப்பட்ட பிரெஞ்சு நாவலாசிரியர் டூமாவின் கதையால் பெயர் பெற்றது.

இனி ரம்மைப் பற்றிச் சொல்லவேண்டும். சர்க்கரை எடுத்தபின் ஆலையில் மிஞ்சும் கரிய பாகை, மொலாசஸ் என்று ஆலைக்காரர்கள் சொல்வதை, நீர்விட்டுப் புளிக்கவைத்து வடித்தால் கிடைப்பது நிறமற்ற, தொண்டையைச் சுடும் சாராயமேயன்றி வேறல்ல. அதை மேன்மைப்படுத்துவது ஓக் மரப் பீப்பாய். பீப்பாயின் உட்புறத்தைத் தீயில் கருக்கும்போது மரத்தின் லிக்னின் என்னும் பொருள் சிதைந்து வெனிலா மணம் தரும் சத்தாக மாறுகிறது. பகலின் வெப்பத்தில் மது மரத்துக்குள் ஊறியும், இரவின் குளிர்ச்சியில் வெளியே கசிந்தும் அந்த மணத்தையும் பொன்னிறத்தையும் மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்கிறது. இதற்கு விலையும் உண்டு. ஸ்காத்லாந்தின் குளிரில் ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிக் காற்றில் கலக்கும் மது, பெங்களூர் போன்ற நம் தென்னாட்டு ஊர்களில் 10 சதவீதம் வரையிலும் குறைந்துபோகிறது. ஆனால் அதே வெப்பத்தினால் அது சீக்கிரம் முதிர்ந்தும் விடுகிறது. 1954-ஆம் ஆண்டில் மோகன் மீக்கின் நிறுவனத்தார் வெளியிட்ட ஓல்ட் மங்க், ஏழாண்டு பீப்பாயில் கிடந்த ரம் என்ற பெயரோடு, விளம்பரத்தின் துணை அதிகமில்லாமலே இந்தியா முழுவதும் பரவியது.

இவை இரண்டும் ஒத்துப்போவதன் காரணத்தை இப்போது வாசகர் ஊகித்திருக்கலாம். சுருட்டின் புகை நாவை உலர்த்தி, கசப்பும் காரமும் கலந்த ஒரு தடிப்பை அதன்மேல் விட்டுச் செல்கிறது. கரும்பின் இனிமை எஞ்சியிருக்கும் பழைய ரம் அந்த வறட்சியைத் தணித்து, அடுத்த இழுப்புக்கு நாவைச் சித்தப்படுத்துகிறது. மரத்திலிருந்து வந்த வெனிலாவும், புளித்த இலையிலிருந்து வந்த கொக்கோ மணமும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவைபோல ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்கின்றன. பலத்தில் இரண்டும் சமமாக இருக்கவேண்டுமென்பதே முதல் விதி: வெளிர்நிற மேலிலையுள்ள மிருதுவான சுருட்டுக்குக் கரும்புச் சாற்றிலிருந்தே நேராக வடிக்கும் மார்த்தினிக் தீவின் ரம்மைப் போன்ற மென்மையானது ஏற்றது, கரிய மேலிலையுள்ள கனத்த சுருட்டுக்கு ஜமைக்கா, கயானா நாடுகளின் கெட்டியான ரம்மே ஈடுகொடுக்கும். பனிக்கட்டி போட்டால் மணம் அடங்கிவிடும். சுருட்டு எரிந்து எரிந்து கடைசி மூன்றிலொரு பங்குக்கு வரும்போது அதன் வீரியம் உச்சத்தை அடைவதால், மிகப் பழைய மதுவை அந்தக் கட்டத்துக்கென்று ஒதுக்கிவைப்பது விவேகம். என் அபிப்பிராயத்தில், முரட்டுத்தனமும் வறட்சியும் சற்று மிகுந்த திருச்சிச் சுருட்டுக்கு ஓல்ட் மங்கின் இனிப்பு மிகப் பொருத்தம். மென்மையான அயல்நாட்டுச் சுருட்டையோ அதே இனிப்பு மூழ்கடித்துவிடும். ஆனாலும் ஒன்றை மறக்கக்கூடாது: புகையிலை வாய்க்கும் தொண்டைக்கும் புற்றுநோயைக் கொண்டுவருவது. மதுவினால் சீரழிந்த குடும்பங்களை நம் பக்கத்துக் கிராமங்களில் யாரும் தேடிப்போக வேண்டியதில்லை. 1937-இல் சேலம் ஜில்லாவில் ராஜாஜி மதுவிலக்கைத் தொடங்கியபோது பெண்கள் மகிழ்ந்தது நியாயமானது. அபூர்வமாகவும் அளவோடும் அனுபவிக்கிறவனுக்கே ரசனை என்ற சொல் பொருந்தும்.

நம் ஜனங்கள் இந்தச் சேர்க்கையைத் தமக்காக வைத்துக்கொள்ளாமல் தெய்வத்துக்குக் கொடுத்தார்கள். மதுரை மேலமடையில் பாண்டி முனீஸ்வரருக்குப் பாலும் சர்க்கரைப் பொங்கலும் நிவேதனமாயிருக்க, அதே கோயிலில் காவல் நிற்கும் சமயக் கருப்புக்குக் கிடாயும் சேவலும் சாராயமும் சுருட்டும் படைக்கிறார்கள். இரவெல்லாம் எல்லையில் விழித்திருக்கும் காவற்காரனுக்கு என்ன வேண்டுமென்பதை அவர்கள் தம் வீட்டுக் காவற்காரர்களைப் பார்த்தே அறிந்திருந்தார்கள். இந்தப் பக்தி கடலும் கடந்தது. 1838 முதல் பிரிட்டிஷ் கயானாவின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்கள் ஏற்றிச் செல்லப்பட்டார்கள். 1853 முதல் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து பிரெஞ்சுக்காரரின் மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்கும் கப்பல்கள் சென்றன. சென்னைத் துறைமுகத்திலிருந்து போனவர்களைக் கயானாவில் மதராசிகள் என்றார்கள். அவர்கள் மாரியம்மனையும் மதுரை வீரனையும் தங்களோடு கொண்டுபோனார்கள். மொழி பேச்சிலிருந்து மறைந்த பின்னும் வழிபாடு மறையவில்லை. சாராயத்துக்குப் பதிலாக, தாங்களே வெட்டிய கரும்பிலிருந்து வடித்த ரம்மையும், அந்த நாட்டுச் சுருட்டையும் மதுரை வீரனுக்கு வைத்தார்கள். மதராசிகள் நிறைந்து வாழ்ந்த பெர்பிஸ் பகுதியில் போர்ட் மௌரன்ட் என்ற தோட்டம் உண்டு. கிரிக்கெட் வீரர்கள் ரோஹன் கன்ஹாயும் காளிச்சரணும் அங்கிருந்து வந்தவர்கள். 1732-ஆம் ஆண்டைச் சேர்ந்ததென்று கூறப்படும் அத்தோட்டத்து மர வடிகலன் இன்றும் கயானாவின் டயமண்ட் வடிசாலையில் வேலை செய்கிறது. உலகத்துச் சுருட்டுப் பிரியர்கள் தேடி வாங்கும் டெமராரா ரம்மில் அதன் பங்கு உண்டு. அந்த ரம்மின் சரித்திரத்தில் நம் மூதாதையரின் வேர்வை கலந்திருக்கிறது என்பதை எந்தப் புட்டியின் முகச்சீட்டும் சொல்வதில்லை. சொல்லவேண்டும் என்பது என் ஆசை.

சொந்த ஊரில் நிலைமை சோர்வு தருவது. பீடியும் சிகரெட்டும் பரவியபின் உறையூரில் சுருட்டு சுற்றும் கூடங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. எஞ்சியிருக்கும் கைகள் முதியவர்களுடையவை. அவர்களுடைய பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். வேடசந்தூரில் 1948 முதல் மத்திய அரசின் புகையிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நம் மண்ணின் இலையை அறிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். கரும்பு விளைவிக்கும் குடியானவரும் இருக்கிறார்கள். நம் நாட்டு வெல்லத்திலிருந்து வடித்த ரம்மை நம் வெயிலிலேயே முதிரவைத்து, உறையூரில் சுற்றிய சுருட்டின் பக்கத்தில் தலைநிமிர்ந்து வைப்பதற்கு இப்போது குறைவது, பீப்பாய்களில் ஏழாண்டுக்குப் பணத்தை முடக்கிவிட்டுக் காத்திருக்க இசைகிற முதலாளியும், இலை சுற்றுகிறவனுக்கு எண்ணிக்கைக் கூலிக்குப் பதிலாக மாதச் சம்பளம் கொடுக்க முன்வருகிறவரும்தான்.