ட்ரிப் சுவிட்ச் விழுந்தால் என்ன செய்வது?

1990களில் வன்னியின் பெரும்பாலான வீடுகளில் குப்பி விளக்குத்தான் எரிந்தது. 2009 இல் போர் முடிந்து மக்கள் மீளக்குடியேறிய பின்னரே பல கிராமங்களுக்கு மின்சாரம் வந்தது. 2012 இல் தொடங்கிய இந்திய வீடமைப்புத் திட்டத்தில் பயனாளிகளே முன்னின்று வீட்டைக் கட்டினர். பணம் கட்டம் கட்டமாகக் கிடைத்தது. வீடும் அப்படியே எழுந்தது. மின்சார வேலையும் அவ்வாறே நடந்தது. முதலில் இரண்டு மின்குமிழ், பிறகு குசினி, அதன்பின் கிணற்று மோட்டர். பலர் கையால், பல காலங்களில் வயர் இழுக்கப்பட்ட இத்தகைய வீடுகளில் ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுவது புதுமையல்ல.

விழுந்தவுடன் அது பழுதாகிவிட்டது என்று எண்ணி, அதை விலக்கி வயரை நேரே தொடுத்துவிடுவோரும் உண்டு. இது உயிரைப் பணயம் வைக்கும் செயலாகும்.

அதன் வேலை என்ன?

உயிர்க்கம்பி வழியே உள்ளே போகும் மின்னோட்டம் முழுவதும் நொதுமல் கம்பி வழியே திரும்பி வரவேண்டும். குளத்தில் திறந்துவிட்ட தண்ணீர் வயலுக்குக் குறைந்து வந்தால், வாய்க்கால் வரம்பில் எங்கோ நண்டு ஓட்டை போட்டிருக்கிறது என்று நாம் அறிகிறோம் அல்லவா? ட்ரிப் சுவிட்சும் அப்படித்தான் கணக்குப் பார்க்கிறது. போனதற்கும் வந்ததற்கும் இடையில் வித்தியாசம் கண்டால் உடனே மின்சாரத்தை நிறுத்திவிடும். வீடுகளில் பொருத்துவது வழக்கமாக 30 மில்லிஅம்பியர் கசிவுக்குள் விழக்கூடியது. 40 வாட் பழைய மின்குமிழ் எடுக்கும் மின்னோட்டத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கே அது. ஆனால் அதற்கு மேற்பட்ட மின்னோட்டம் நெஞ்சினூடாகப் பாய்ந்தால் உயிர் போகலாம்.

அருகிலுள்ள சிறிய பிரேக்கர்களின் வேலை வேறு. அதிக பாரம் ஏறினாலோ கம்பிகள் ஒன்றோடொன்று முட்டினாலோ அவை விழும். ஆகவே, எது விழுந்தது என்பதை முதலில் பாருங்கள்.

பழுதைக் கண்டறியும் முறை

1. கை உலர்ந்திருக்க வேண்டும். செருப்பு அணிந்து, உலர்ந்த பலகையில் நில்லுங்கள். வீட்டில் எவரும் மின்சாரப் பொருட்களைத் தொடாதிருக்கட்டும்.

2. ட்ரிப் சுவிட்சை ஒருமுறை மட்டும் உயர்த்திப் பாருங்கள். இடி மின்னலின்போது விழுந்திருந்தால் பெரும்பாலும் நின்றுவிடும். நிற்காவிட்டால் பலாத்காரம் செய்யவேண்டாம்.

3. எல்லாப் பிரேக்கர்களையும் தாழ்த்துங்கள். எல்லாப் பிளக்குகளையும் கழற்றுங்கள். சுவிட்சை மட்டும் நிறுத்துவது போதாது. அது உயிர்க்கம்பியை மட்டுமே துண்டிக்கும், நொதுமல் கம்பி தொடுத்தபடியே இருக்கும்.

4. இப்போது ட்ரிப் சுவிட்சை உயர்த்துங்கள். நின்றால், பிரேக்கர்களை ஒவ்வொன்றாக உயர்த்துங்கள். எதை உயர்த்தும்போது விழுகிறதோ, அந்த வரியின் வயரில்தான் கசிவு. அதைத் தாழ்த்தியே வைத்து மற்றவற்றைப் பாவிக்கலாம்.

5. எல்லாம் உயர்ந்து நின்றால், பொருட்களை ஒவ்வொன்றாகப் பிளக்கில் செருகிப் போட்டுப் பாருங்கள். கேத்தல், ஸ்திரிக்கைப் பெட்டி, குளிர்சாதனப் பெட்டி, கிணற்று மோட்டர் ஆகியவற்றிலேயே பெரும்பாலும் பழுது இருக்கும்.

6. எல்லாம் தாழ்ந்திருந்தும் ட்ரிப் சுவிட்ச் நிற்காவிட்டால், எங்கோ நொதுமல் கம்பி புவிக்கம்பியோடு முட்டுகிறது அல்லது சுவிட்சே பழுதாகியுள்ளது. இது பயிற்சி பெற்ற மின்வினைஞரின் வேலை.

புதிய வேலை செய்தபின் விழுந்தால்

புதிய வரியின் நொதுமல் கம்பியைத் தவறான இடத்தில் தொடுத்திருக்கலாம். சுவரில் அறைந்த ஆணி வயரைத் துளைத்திருக்கலாம். பிரேக்கரைத் தாழ்த்திவிட்டு வேலை செய்யும்போதும் ட்ரிப் சுவிட்ச் விழுவதுண்டு. நொதுமல் கம்பியும் புவிக்கம்பியும் ஒன்றோடொன்று முட்டினாலே அதற்குப் போதும். ஆகவே வேலை செய்யும்போது மெயின் சுவிட்சையே நிறுத்துங்கள்.

எமது பகுதியில் கவனிக்க வேண்டியவை

மாரியில் வெளிச்சுவர்ப் பிளக்கிலும் கிணற்றடி வயரிலும் ஈரம் இறங்கும். 2018 டிசம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வந்தது போன்ற வெள்ளம் வீட்டுக்குள் ஏறினால், வயரைப் பரிசோதிக்காமல் மின்சாரத்தைப் போடாதீர்கள். எலி கடித்த வயர், சுவிட்சுப் பெட்டிக்குள் எறும்புக் கூடு, பல்லி என்பனவும் கசிவை உண்டாக்கும்.

உறவினர் வளவில் கொட்டில் போட்டிருப்போர் வயரைத் தகரத்தின் மேலாக இழுக்கக்கூடாது. காற்றில் உரசி உறை தேய்ந்தால் முழுத் தகரமும் மின் பாயும் பொருளாகிவிடும்.

மோட்டர் நின்றால் பயிர் வாடும் என்ற பயம் எமக்குப் புரிகிறது. அவசரத்தில் ட்ரிப் சுவிட்சை விலக்கத் தோன்றும் நேரமும் அதுவே. ஆனால் கிணற்றடியில் ஈரக்காலுடன் நிற்பவருக்கே மின்சாரம் மிக எளிதாகப் பாயும். பழுது பார்க்கும் வரை வாளியாலோ எண்ணெய் இயந்திரத்தாலோ இறையுங்கள். வசதி வரும்போது மோட்டருக்குத் தனி ட்ரிப் சுவிட்ச் போட்டால், அது விழுந்தாலும் வீட்டில் விளக்கு எரியும்.

ட்ரிப் சுவிட்ச் எல்லாவற்றிலிருந்தும் காக்காது. உயிர்க்கம்பியையும் நொதுமல் கம்பியையும் ஒருவர் இரு கைகளால் பிடித்தால் அதற்குக் கசிவு தெரியாமல் போகலாம். காட்டுப்பன்றிக்கென வேலிக் கம்பிக்கு வீட்டு மின்சாரத்தைக் கொடுப்பது சட்டவிரோதம். இருளில் வயலுக்குப் போகும் அயலவரையும் எமது பிள்ளையையும் அது கொல்லும்.

ட்ரிப் சுவிட்சில் ஒரு சோதனைப் பொத்தான் உண்டு. மாதம் ஒருமுறை அதை அழுத்துங்கள். உடனே விழுந்தால் நல்லது, திரும்ப உயர்த்திவிடுங்கள். விழாவிட்டால் அந்தச் சுவிட்ச் உங்களைக் காக்காது. தாமதியாமல் மாற்றுங்கள். இந்தப் பொத்தானை வீட்டிலுள்ள பெரியவர்கள் யாவரும் அறிந்திருக்கட்டும்.