மலையகத்தார் பிரஜைகளான விதம்

ஒரு தேசத்தில் ஒருவர் பிரஜையாவதற்குச் சட்டங்கள் வகுத்துள்ள வழிகள் பெரும்பாலும் மூன்று: அம்மண்ணிற் பிறத்தல், பிரஜையொருவரின் வம்சத்திற் பிறத்தல், குறித்த காலம் அங்கே வாசம் செய்தபின் விண்ணப்பித்துப் பதிவு பெறுதல். இவற்றுள் எதை ஒரு தேசம் ஏற்கிறது என்பதோடு, அதை நிரூபிக்கும் பாரத்தை யார் தலைமேல் ஏற்றுகிறது என்பதும் சேர்ந்தே ஒரு ஜனசமூகத்தின் கதியை நிர்ணயிக்கிறது. இலங்கையின் மலையகத் தமிழர் இதை மூன்று தலைமுறைக் காலம் அனுபவித்து அறிந்தவர்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில், முதலில் காப்பிக்கும் பின்னர் தேயிலைக்குமாக, இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி, சேலம் முதலிய சீமைகளிலிருந்து ஆள்சேர்க்கும் கங்காணிமாரால் அழைத்துச் செல்லப்பட்டு, மன்னாரிலிருந்து காட்டுவழியே கால்நடையாய் மலையேறி, தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் குடியமர்ந்தவர்கள் இவர்களுடைய முன்னோர்கள். 1947-ம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரஸின் வாயிலாகத் தம் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பும் அளவுக்கு அவர்கள் அந்நாட்டின் வாழ்வில் வேரூன்றியிருந்தார்கள்.

ஆயினும், சுதந்திரம் வந்த 1948-லேயே நிறைவேறிய 18-ம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், மண்ணிற் பிறந்தது மாத்திரம் போதாதென்றும், தந்தையோ, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்திருத்தல் வேண்டுமென்றும் விதித்தது. பல தோட்டங்களில் முறையான பிறப்புப் பதிவே இல்லாத காலத்தில் பிறந்த தகப்பனுக்கு, மகன் எங்கிருந்து அத்தாட்சி கொண்டுவருவான்?

மறுஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானிய வாசிகள் பிரஜாவுரிமைச் சட்டம் பதிவு என்னும் மற்றொரு கதவைத் திறந்தது. ஆனால் அக்கதவின் வாசற்படி மிக உயரம். 1946 ஜனவரி முதல் தேதிக்கு முன், விவாகமானவர் 7 ஆண்டுகளும் ஆகாதவர் 10 ஆண்டுகளும் இடைவிடாது அங்கே வசித்ததையும், ஜீவனத்துக்குப் போதிய வருமானம் உண்டென்பதையும் பத்திரங்களால் மெய்ப்பித்து, இரண்டே ஆண்டுகளுக்குள் விண்ணப்பித்தாக வேண்டும். எழுத்தறியாத தொழிலாளருக்கு இது எத்தகைய சோதனை என்பதற்கு விளைவே சாட்சி: ஏறத்தாழ 8 லட்சம் பேருக்காக மனுக்கள் போடப்பட்டு, விசாரணை பத்தாண்டுக்கு மேல் நீடித்த பின்னும், உரிமை பெற்றவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் குறைவு. இதற்கிடையே, வாக்குரிமை பிரஜைகளுக்கே உரியதென 1949-ல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டமையால், ஏனையோர் வாக்கையும் இழந்தார்கள்.

நாடற்றவர் ஆகிவிட்ட இவர்களை இந்திய, இலங்கை அரசுகள் எண்ணிக்கையாகப் பங்கிட்டதே அடுத்த அத்தியாயம். 1964 அக்டோபர் 30-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் கையொப்பமிட்ட ஒப்பந்தம், 9,75,000 பேருள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்குமென்றது. மீந்த 1,50,000 பேர் 1974-ல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டார்கள். அந்த மக்களைக் கலந்துகொள்ளாமலே செய்த இப்பங்கீட்டில், தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பலேறிய அண்ணனும் தோட்டத்திலேயே தங்கிவிட்ட தம்பியும் வெவ்வேறு தேசத்தவரானார்கள். 1984-ல் கப்பலும் நின்றுபோக, இந்தியப் பிரஜைகளாக எழுதப்பட்டவர்களில் பலர் இலங்கையிலேயே தங்கினார்கள்.

1988-ம் ஆண்டுச் சட்டம் ஒரு பகுதியினருக்குப் பரிகாரம் அளித்தது. முடிவான பரிகாரம் 2003-ம் ஆண்டின் 35-ம் இலக்கச் சட்டத்தால் வந்தது. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்துவரும் இந்திய வம்சாவளியினரும், இலங்கைவாசிகளான அவர்களுடைய சந்ததியாரும் பிரஜைகள் என அது பிரகடனம் செய்தது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தோரும் தம் விருப்பத்தை எழுத்தில் அறிவித்துப் பதிவு பெற வழி வகுத்தது. சமாதான நீதவான் ஒருவர் ஒப்பமிட்ட பிரகடனமே அத்தாட்சியாக ஏற்கப்பட்டமையால், அவ்வாண்டின் இறுதியில் நடந்த பதிவு இயக்கத்தில், பத்து நாட்களுக்குச் சற்றே அதிகமான காலத்துக்குள் ஏறத்தாழ 1,90,000 பேர் பிரஜாவுரிமை பெற்றார்கள்.

1949-ம் ஆண்டுச் சட்டத்தின்படி தகுதியில்லையெனத் திருப்பப்பட்ட பாட்டனும், 2003-ல் பிரஜையான பேரனும் வசித்தது ஒரே லயத்தில்; உழைத்தது ஒரே மலைச்சரிவில். பாட்டனை நோக்கி, ‘நீ இந்நாட்டவன் என்பதற்கு ஆதாரம் எங்கே?’ என்று வினவிய சட்டம், பேரனை நோக்கி, ‘நீ இங்கேதானே வாழ்கிறாய்?’ என்று வினவியது.