இணையப் பக்கம் அமைக்க இல்லத்திலிருந்தே கற்போம்

சொந்தமாக ஓர் இணையப் பக்கம் அமைக்க வேண்டும் என்ற ஆவல் பள்ளி மாணவர் முதல் பணி ஓய்வு பெற்ற பெரியவர் வரை பலருக்கும் உண்டு. இதற்காகப் பயிற்சி நிலையங்களில் பெருந்தொகை கட்டிச் சேருவோரும் இருக்கிறார்கள். ஆனால் தொடக்க நிலைக்குத் தேவையான பாடங்கள் எல்லாம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அவை அளவுக்கு மீறிக் குவிந்து கிடப்பதால், எங்கே தொடங்குவது என்று புதியவர்கள் திகைக்கிறார்கள். அவர்களுக்கு வழிகாட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எதைக் கற்க வேண்டும்?

ஒரு திருமண அழைப்பிதழை நினைத்துப் பாருங்கள். எது தலைப்பு, எது முகூர்த்த நேரம், எது முகவரி என்று பிரித்துச் சொல்வது எச்.டி.எம்.எல். எழுத்தின் அளவு, நிறம், ஓரத்து மஞ்சள் ஆகியவற்றைக் கவனிப்பது சி.எஸ்.எஸ். அச்சிட்ட அழைப்பிதழால் நாம் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. இணையப் பக்கத்துக்கு அந்த ஆற்றலைத் தருவது ஜாவாஸ்கிரிப்ட். முதல் இரண்டையும் நன்கு பழகிய பின்னரே மூன்றாவதற்குச் செல்ல வேண்டும்.

விலை கொடுத்து எந்த மென்பொருளும் வாங்க வேண்டியதில்லை. கணினியிலுள்ள நோட்பேடும் ஒரு பிரவுசரும் போதும். டிம் பெர்னர்ஸ்-லீ ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் உருவாக்கிய உலகின் முதல் இணையதளத்தை, 2013-ஆம் ஆண்டு அதன் பழைய முகவரியிலேயே மீண்டும் வைத்தார்கள். அப்பக்கத்தைத் திறந்து, கன்ட்ரோல் விசையுடன் யூ விசையை அழுத்தினால் அதன் மூல வரிகள் தெரியும். பத்து நிமிடத்தில் படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்கு எளிமையானவை அவை.

எங்கே கற்கலாம்?

தமிழில் தொடங்க விரும்புவோருக்குக் கணியம் உதவும். ‘எளிய தமிழில்’ என்ற வரிசையில் எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ். இரண்டுக்கும் து. நித்யா எழுதிய மின்னூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன.

ஆங்கிலத்தில் படிக்க முடிந்தவர்கள் மொசில்லாவின் எம்.டி.என். தளத்தை நாடலாம். துல்லியத்துக்குப் பெயர் பெற்றது அது. டபிள்யூ3ஸ்கூல்ஸ் 1998-இல் நார்வேயில் தொடங்கப்பட்டது. பாடத்தைப் படித்துக்கொண்டே அங்கேயே எழுதிச் சோதிக்கலாம் என்பது அதன் வசதி. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்புக்கும் இத்தளத்துக்கும் தொடர்பில்லை. 2014-இல் தொடங்கிய ஃப்ரீகோட்கேம்ப் தளம் படிப்படியாகப் பயிற்சி தந்து, கட்டணமின்றிச் சான்றிதழும் வழங்குகிறது.

இவற்றில் ஒன்றைத் தேர்ந்து கடைசி வரை முடியுங்கள். நான்கு தளங்களில் நான்கு முதல் பாடங்களைப் படிப்பவர் தொடங்கிய இடத்திலேயே நிற்பார். எழுதி முடித்ததை டபிள்யூ3சி-யின் இலவசச் சோதனைப் பக்கத்தில் கொடுத்தால், பிழை எந்த வரியில் என்று அது சுட்டிக்காட்டும்.

பழைய பாடங்களை அடையாளம் காண்பதும் அவசியம். எழுத்தின் நிறத்துக்கு ‘ஃபான்ட்’ குறியைப் பயன்படுத்துவது, பக்கத்தை அட்டவணைகளால் பிரித்து அமைப்பது, 2020-இறுதியுடன் ஆதரவு நின்றுபோன ஃப்ளாஷைக் கற்பிப்பது ஆகிய மூன்றில் ஒன்று தென்பட்டாலும் அந்தப் பாடத்தை விட்டுவிடலாம்.

தமிழ்ப் பக்கத்துக்குத் தனிக் கவனம்

1990-களில் ஆர்வத்தோடு எழுதப்பட்ட தமிழ்ப் பக்கங்கள் பல, இன்று திறந்தால் புரியாத குறிகளாகத் தெரிகின்றன. ஆளுக்கொரு எழுத்துருவும் குறியீட்டு முறையும் இருந்த காலம் அது. இன்று யூனிகோடு இருக்கிறது. பக்கத்தின் தலைப்பகுதியில் ‘யூ.டி.எஃப்-8’ என்று அறிவித்துவிட்டால் எந்தக் கைப்பேசியிலும் தமிழ் தமிழாகவே தெரியும். மொழி ‘டி.ஏ.’ என்றும் குறிப்பிடுங்கள். பார்வையற்றோருக்குப் படித்துக் காட்டும் மென்பொருள் தமிழ்க் குரலைத் தேர்ந்துகொள்ள இது துணை செய்யும். நம் எழுத்துகளின் கொம்பும் சுழியும் மேலும் கீழும் செல்வதால், வரிகளுக்கிடையே சற்றுக் கூடுதல் இடம் விடுவது நல்லது.

ஒரு பிரதி நம் கையில்

கிட்ஹப் போன்ற சில தளங்கள் எளிய பக்கங்களை இலவசமாக வெளியிட இடம் தருகின்றன. இருப்பினும் ஒன்றை மறக்கக் கூடாது. ஜியோசிட்டிஸ் என்ற இலவசத் தளத்தில் இலட்சக்கணக்கானோர் பக்கங்கள் வைத்திருந்தார்கள். 2009-இல் யாஹூ அதை மூடியபோது, பிரதி எடுத்து வைக்காதவர்களின் உழைப்பு கைநழுவியது. நம் கையால் எழுதிய பக்கம் சில சிறிய கோப்புகளே. அவற்றை ஒரு பென்டிரைவில் வைத்திருந்தால் ஓரிடம் மூடினாலும் வேறிடத்தில் ஏற்றிவிடலாம்.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இது மிகவும் பொருந்தும். சங்கங்களின் ஆண்டு மலர்களும், நாடக அழைப்பிதழ்களும், தமிழ் வகுப்புக் குழந்தைகளின் கட்டுரைகளும் அலமாரிகளில் மங்கிக்கொண்டிருக்கின்றன. இந்த விடுமுறையில் உங்கள் வீட்டுப் பிள்ளைகள் பயிலும் முதல் பாடம், அவற்றில் ஒன்றைத் தமிழில் தட்டெழுதிப் பக்கமாக்குவதாக இருக்கட்டும். பிள்ளைகளுக்குத் தொழிலும் கைவரும், தமிழும் கூடவே வரும்.