மாதம் ஒருமுறை ஓர் ஊசி

ஹெராயின், மார்ஃபின், ஃபெண்டனில் முதலிய அபினி வகைப் பொருள்களுக்கு அடிமையானோருக்கு அளிக்கப்படும் சிகிச்சையில் அண்மை ஆண்டுகளில் நேர்ந்த பெரும் மாற்றம் ஒரு புதிய மருந்தால் வந்ததன்று. அரை நூற்றாண்டுக்கும் மேலாக அறியப்பட்ட புப்ரினார்ஃபின் என்னும் மருந்தை, நாள்தோறும் நாக்கின் அடியில் வைத்துக் கரைக்காமல், வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒருமுறை தோலுக்கு அடியில் ஊசியாகச் செலுத்தும் முறையால் வந்தது. இதன் பயனையும் இதனால் எழும் கேள்விகளையும் ஒருசேரக் காண்பதற்கு ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலச் சிறைகளைவிடப் பொருத்தமான இடம் அரிது.

புப்ரினார்ஃபின் 1966-இல் இங்கிலாந்தின் ஹல் நகரில், கசகசாச் செடியிலிருந்து கிடைக்கும் திபெய்ன் என்னும் பொருளைக் கொண்டு உருவாக்கப்பட்டது. வலி நிவாரணியாக அறிமுகமான இதனை அடிமைநிலைச் சிகிச்சைக்குப் பயன்படுத்தலாம் என்பதை அமெரிக்க ஆய்வாளர் டொனால்ட் ஜசின்ஸ்கியும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1978-இல் எடுத்துக்காட்டினர். அபினி வகைப் பொருள்கள் மூளையணுக்களின் மேற்பரப்பில் உள்ள ‘மியூ ஏற்பி’ என்னும் புரதத்தில் பொருந்தியே தம் விளைவைத் தருகின்றன. ஹெராயின் அந்த ஏற்பியை முழுமையாகத் தூண்டுகிறது. புப்ரினார்ஃபினோ ஓரளவுக்குத்தான் தூண்டுகிறது, ஆனால் அதனை இறுகப் பற்றிக்கொண்டு எளிதில் விடுவதில்லை. ஆகவே உடல் நடுக்கம், வயிற்றுப்போக்கு, உறக்கமின்மை என்று வதைக்கும் விலகல் துன்பம் தணிகிறது. மேலே ஹெராயின் ஏற்றிக்கொண்டாலும் எதிர்பார்த்த கிறக்கம் பெரும்பாலும் கிடைப்பதில்லை. அளவு கூடினாலும் மூச்சை ஒடுக்கும் விளைவு ஓர் எல்லைக்கு மேல் அவ்வளவாக ஏறுவதில்லை. ஒரு போதைக்கு மாற்றாக இன்னொரு போதை தரப்படுகிறது என்ற பழைய குற்றச்சாட்டு, இந்த மூன்றையும் அறியாததால் எழுவது.

எனினும் நாக்கின் அடியில் கரைக்கும் மருந்து ஏறக்குறைய ஒரு நாளைக்குத்தான் போதும் என்பதால், நோயாளி ஒவ்வொரு காலையும் மருந்தகத்துக்குச் சென்று, பணியாளர் பார்த்திருக்க அதனைக் கரைத்துவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கும். வேலைக்குச் செல்பவருக்கும், கைக்குழந்தை உள்ள தாய்க்கும், ஊரில் தம்மை எல்லோரும் அறிவர் என்று கூசுபவருக்கும் அந்த வரிசையே சிகிச்சையைக் கைவிடப் போதுமான காரணமாகிறது. அதைவிடக் கொடியது, இன்று மருந்தை எடுப்பதா, விட்டுவிட்டு ஹெராயினுக்குப் போவதா என்ற முடிவை, மனம் மிகத் தளர்ந்திருக்கும் நாளிலும் தவறாமல் ஒருமுறை எடுக்க வேண்டியிருப்பதுதான்.

ஊசி வடிவத்தின் நுட்பம் மருந்தைத் தாங்கிச் செல்லும் கலவையில் உள்ளது. ஸ்வீடனின் லுண்ட் நகரைச் சேர்ந்த கமுருஸ் நிறுவனத்தின் புவிடல், கொழுப்புப் பொருள்களில் மருந்தைக் கரைத்த நீர்மமாகும். தோலுக்கு அடியில் சென்றதும் அது உடலின் நீரை ஈர்த்துக் கூழ்போல் கெட்டியாகி, பின்னர் சிறுகச் சிறுகக் கரைந்து மருந்தை இரத்தத்தில் சேர்க்கிறது. 8 முதல் 32 மில்லிகிராம் வரையிலானவை வாரத்துக்கும், 64 முதல் 160 மில்லிகிராம் வரையிலானவை மாதத்துக்கும் உரியவை. அமெரிக்காவில் 2017 நவம்பரில் ஒப்புதல் பெற்ற சப்லோகேட் ஒரு பலபடிச் சேர்மத்தைக் கொண்டு இதே வேலையைச் செய்கிறது. உடல் நீர்மங்கள் பட்டதும் கெட்டியாகும் தன்மையுடையதாகையால், அதனைச் சிரையில் ஏற்றினால் இரத்தக் குழாய் அடைபட்டு உயிருக்கே கேடு நேரலாம். இதனால் அந்த ஊசி நோயாளியின் கையில் ஒருபோதும் தரப்படுவதில்லை. மருத்துவப் பணியாளரே போட வேண்டும்.

இந்தக் கட்டுப்பாடு வெளியுலகில் ஒரு தொல்லையாகத் தோன்றலாம். சிறையில் அதுவே பயனாகிறது. மாத்திரையோ வில்லையோ வாயில் வைக்கப்பட்ட பின்னும் அதனைக் கன்னத்தில் ஒதுக்கி, வெளியே எடுத்து, பிறருக்கு விற்கவோ கொடுக்கவோ முடியும். கொடுக்க மனமில்லாத கைதியை மிரட்டிப் பறிப்பதும் உண்டு. ஆகவே செவிலியரும் காவலரும் ஒவ்வொருவராக வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பதிலேயே பல மணி நேரம் கழிந்தது. நோயாளியாக வந்து நின்றவர் ஐயத்துக்குரியவராகவே நடத்தப்பட்டார். மருந்து கைமாறும் என்ற இந்த அச்சமே பல நாடுகளில் கைதிகளுக்குப் புப்ரினார்ஃபினை மறுப்பதற்குக் காரணமாகக் காட்டப்பட்டு வந்தது.

நியூ சவுத் வேல்ஸின் ஏழு சிறைகளில் நடந்த ஆய்வு ஒன்றில், மாத ஊசி பெற்றவர்களும் மெத்தடோன் என்னும் மற்றொரு மாற்று மருந்தைப் பெற்றவர்களுமாக 129 பேர் 16 வாரங்கள் கண்காணிக்கப்பட்டனர். ஊசி பெற்றவர்களில் 92 விழுக்காட்டினர் இறுதிவரை சிகிச்சையில் நீடித்தனர். அவர்களுள் மருத்துவர் தராத அபினி வகைப் பொருள்களைப் பயன்படுத்துவதாகச் சொன்னோர் தொடக்கத்தில் 97 விழுக்காடாக இருந்து 12 விழுக்காடாகக் குறைந்தனர். மருந்து ஒருமுறையேனும் கைமாறியதாகத் தெரியவரவில்லை. ஆஸ்திரேலியா 2019 செப்டம்பரில் இந்த ஊசிகளை அரசு மானிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

சிறைக்கு வெளியே பலன் இவ்வளவு பெரிதாகத் தெரிவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிரிட்டனில் 314 பேரிடம் நடத்தப்பட்டு 2023-இல் வெளியான ஆய்வில், 24 வாரங்களுள் ஹெராயின் முதலியவற்றைத் தொடாத நாள்கள் மாத ஊசி பெற்றோருக்குச் சராசரியாக 123 ஆகவும், நாள்தோறும் மருந்து பெற்றோருக்கு 104 ஆகவும் இருந்தன. அந்த ஆய்வுக்கு நிதியளித்தது ஊசியைத் தயாரிக்கும் நிறுவனமே. நாள்தோறும் வரும் மருந்தகப் பணியாளரின் முகம் ஒன்றே தமக்கு எஞ்சிய உறவு என்று இருப்பவர்களும் உள்ளனர். அவர்களுக்கு மாத ஊசி ஒரு தனிமையையும் சேர்த்தே தருகிறது.

கேட்கப்பட வேண்டிய கேள்வி நோயாளியின் ஒப்புதலைப் பற்றியது. மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர் மறுநாள் நிறுத்திவிடலாம். உள்ளே சென்ற ஊசியோ தன் காலத்தை முடித்தே தீரும். செவிலியரின் நேரம் மிச்சமாகிறது, செலவு குறைகிறது, கடத்தல் ஒழிகிறது என்று நிர்வாகத்துக்கு இத்தனை வசதிகளைத் தரும் ஒரு சிகிச்சைக்குக் கைதி சொல்லும் ‘சரி’ எவ்வளவு விருப்பத்தோடு சொல்லப்பட்டது என்பதைச் சிறை மருத்துவர் ஐயத்தோடுதான் ஆராய வேண்டும். மெத்தடோனும் நாள் மருந்தும் உண்மையாகவே கிடைக்கும் இடத்தில்தான் ஊசியைத் தேர்ந்தார் என்று சொல்ல முடியும்.

இத்தனைக்குப் பிறகும் ஊசியின் பக்கம் நிற்பதற்கு ஒரு வலுவான காரணம் இருக்கிறது. சிறையில் போதைப்பொருள் குறைந்தோ நின்றோ போவதால் உடலின் தாங்குதிறன் இறங்கிவிடுகிறது. விடுதலையானவர் பழைய அளவிலேயே ஏற்றிக்கொள்ளும்போது மூச்சு நின்றுபோகிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து விடுதலையான முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2007-இல் வெளியான ஆய்வு, முதல் இரண்டு வாரங்களில் மருந்து மிகையால் சாகும் வாய்ப்பு பொதுமக்களைவிட 129 மடங்கு என்று கண்டது. வீடும் பணமும் மருத்துவரும் இல்லாத அந்த இரண்டு வாரங்களில், விடுதலைக்கு முன்பே போடப்பட்ட ஊசி உள்ளிருந்து காவல் காக்கிறது. மருந்தகத்தைத் தேடிக் கண்டடைய வேண்டிய கட்டாயம் அந்த நாள்களில் இல்லை. மாத ஊசியின் நான்கு வாரங்கள் தீர்வதற்குள் அடுத்த ஊசியைப் போட வெளியில் ஒரு மருத்துவமனை அவருடைய பெயரைப் பதிந்து வைத்திருக்கிறதா என்பது ஊசியால் ஆகக்கூடியதன்று. விடுதலைத் தாள்களோடு அந்த முகவரியும் நாளும் எழுதித் தரப்பட்டனவா என்பதைப் பொறுத்தது.