சட்டம் நடக்கிறதா என்று யார் பார்ப்பது?

காலை ஷிப்டுக்குப் போகும் கம்பெனி பஸ்கள் படப்பை கடைத்தெருவைத் தாண்டும்போது, ஜன்னலோரமெல்லாம் இளம்பெண்கள். ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை. பலர் வெளி மாவட்டங்களிலிருந்து வந்து தங்கியிருப்பவர்கள். அவர்களுக்கென்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 10 பேர் வேலை செய்தாலே, பாலியல் தொல்லையை விசாரிக்க உள் புகார் குழு அமைத்தாக வேண்டும். அமைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். அந்தக் குழு உண்மையில் கூடுகிறதா? அதைக் கேட்க ஆள் வேண்டும்.

கேட்பதையே வேலையாக எடுத்துக்கொண்ட பெண்கள் இருக்கிறார்கள். பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 1993இல் ஏற்றது. அதன்படி அரசு அவ்வப்போது ஐ.நா. குழுவிடம் அறிக்கை தர வேண்டும். அரசு அறிக்கையில் சட்டங்களும் திட்டங்களும் வரிசையாக இருக்கும். அவை ஊரில் எப்படி நடக்கின்றன என்பதைப் பெண்கள் அமைப்புகள் கூடித் தயாரிக்கும் நிழல் அறிக்கை சொல்லும். இந்தியாவில் அப்படிப் பல அமைப்புகளை ஒன்றுசேர்த்தது தேசிய மகளிர் கூட்டணி. ஐ.நா. குழுவின் முன் போய்ப் பேச ஆசியப் பெண்களைப் பழக்கியவர்களில் முக்கியமானவர் மலேசியாவின் சாந்தி தைரியம். பின்னாளில் அவரே அந்தக் குழுவில் உறுப்பினரானார்.

ஐ.நா. குழு கூடும் ஜெனீவா வரை போவது அவசியம்தான். ஆனால் லைனில் நிற்கும் பெண்ணுக்குத் துணை பக்கத்திலேயே வேண்டும். 2021 ஜனவரியில், திண்டுக்கல் மாவட்டத்து ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்த தலித் இளம்பெண் கொல்லப்பட்டார். அங்கிருந்த சூப்பர்வைசர் கைதானார். பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடவில்லை. ஆசிய, அமெரிக்கத் தொழிலாளர் அமைப்புகளோடு கைகோத்து, ஆலை நிர்வாகத்தையும் எச் அண்ட் எம் போன்ற பெரிய பிராண்டுகளையும் 2022இல் ஒப்பந்தத்துக்குக் கொண்டுவந்தது. அந்த ஒப்பந்தப்படி, 25 தொழிலாளிக்கு ஒருவர் வீதம் கண்காணிப்பாளர்கள், அதுவும் தொழிலாளர்களிலிருந்தே. சூப்பர்வைசர் ஆபாசமாகத் திட்டினாலோ, சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினாலோ கண்காணிப்பாளரிடம் சொல்லலாம்; சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது. ஆலை சொன்னபடி நடக்காவிட்டால் பிராண்டுகள் ஆர்டரில் கைவைக்க வேண்டும். கண்காணிப்புக்குப் பின்னால் இப்படி ஒரு பிடி இருந்தால்தான் பலன் என்பது என் உறுதியான எண்ணம்.

இப்படிக் கண்காணிப்பது ஒரகடத்திலும் முடியும். மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்குக் கடன், வட்டி, வருகை எல்லாவற்றையும் தீர்மான நோட்டில் மாதம் தவறாமல் எழுதிப் பழக்கம் உண்டு. அதே நோட்டில் இன்னும் இரண்டு பக்கம் ஒதுக்கட்டும்: எந்தக் கம்பெனியில் புகார் குழு இருக்கிறது, உறுப்பினர்கள் பெயர் போர்டில் ஒட்டியிருக்கிறதா, கொடுத்த புகார் 90 நாளில் விசாரிக்கப்பட்டதா. நாலைந்து குழுக்கள் சேர்ந்து தொழிற்சங்கத்தையும் கூட்டிக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் கொடுத்தால், பதில் சொல்லாமல் தட்டிக்கழிப்பது கடினம்.

வேலையிடத்தில் 10 பேருக்குக் குறைவு என்றாலும், முதலாளி மீதே புகார் என்றாலும், மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். அவசர உதவிக்கு 181.